மணியடிப்பவர் விட்ட நக்கல்

ஒரு மீன்பிடி வள்ளத்தில் தொடங்கி ஐந்து வள்ளம் வாங்கியவன் நான். குருநகரில் என் முன்னால் எவரும் வாய் திறக்கமாட்டார்கள். எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் மணி அடிக்கும் அந்த ஒல்லி மனிதர் மட்டும் விடமாட்டார். "முதலாளிக்கு மோட்சத்திலையும் முன் வாங்குதான் வேணுமோ?" என்பார், நான் முன்வரிசை ஆசனத்தில் அமரும்போதெல்லாம்.

"கிறிஸ்தவனுக்கு நக்கல் ஆகாது" என்று சுவாமியார் கண்டித்தபோது, "இயேசு பரிசேயரைச் சும்மா விட்டவரோ, சுவாமி?" என்று சிரித்தார்.

போர்க்காலத்தில் கடற்படை கடலுக்குத் தடை போட்டிருந்த நாளொன்றில், புதிதாகக் கலியாணம் முடித்த ஒருவன் தொழிலுக்குப் போகாமல் கரையில் நின்றான். "நேவிக்குப் பயமெண்டால் மனிசியின்ரை சீலைக்குள்ளை ஒளியடா" என்றார் மணியடிப்பவர். அவன் அன்றே கடலுக்குப் போனான். வள்ளம் மட்டும்தான் கரை ஒதுங்கியது. துக்க மணியை இவரே அடித்தார்.

அந்தத் தபசு காலத்தில் நோன்புக்காக நாங்கள் இறைச்சியை விட்டோம். அவர் நக்கலை விட்டார். நோன்பு முடிந்த உயிர்ப்புத் திருநாளன்று எங்கள் வீடுகளில் இறைச்சி மணத்தது. நான் புதுச் சட்டையோடு வேண்டுமென்றே அவர் முன் போய் நின்றேன்.

"அண்ணை, என்னை ஒருக்காப் பகிடி பண்ணுங்கோவன்."

"நீங்கள் நல்லா இருக்க வேணும், ஐயா" என்று குனிந்தார்.

எத்தனையோ பேர் என்னை ஐயா என்றிருக்கிறார்கள். அவர் சொன்னதுதான் இன்னும் வலிக்கிறது.