எண்பது செவ்வந்திப் பூக்கள்

அடுத்த செவ்வாய்க்கிழமை மருத்துவர் என் நினைவைச் சோதிக்க இருந்தார். அதில் தேறாவிட்டால் பாரிஸ் லா ஷப்பலில் இருக்கும் என் வீட்டைக் கொடுத்துவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டும் என்று பொபினியில் இருக்கும் மகள் சொல்லிவிட்டாள். மறதி வந்த என் அப்பாவுக்கும் முதலில் தப்பியது எண்ணிக்கைதான். அதனால் நான் எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்கு அறுபத்து நான்கு படிகள்.

அந்த வாரக் கடைசியில் இங்கிலாந்திலிருக்கும் தம்பி வரச்சொன்னான். அவன் ஊருக்கு அருகே ஒரு வெளியில், எந்தக் காலத்தில் யார் நட்டதென்று தெரியாத கற்கள் வட்டமாக நிற்கின்றன. ஒருகாலத்தில் யாரோ கும்பிட்ட இடம். வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. வீட்டருகே பூக்கடையில் எண்பது செவ்வந்தி வாங்கினேன். கடையில் இருமுறை, ரயிலில் ஒருமுறை எண்ணினேன். எண்பதுதான்.

"அண்ணை, இது கோயிலில்லை, செம்மறி மேயிற வெளி. பூ ஆட்டுக்கோ கொண்டு வந்தனீங்கள்?"

நான் பூப்பையைத் திறந்தேன். பனிமூட்டத்தில் எதிர்ப்பக்கத்துக் கற்கள் ஆட்கள் நிற்பதுபோல் தெரிந்தன. ஆடுகள் வட்டத்துக்கு வெளியிலேயே மேய்ந்தன. வலம் வந்து, கல்லுக்கு ஒன்றாகப் பூ வைத்தேன். பையில் நான்கு மிஞ்சின. அப்படியானால் எழுபத்தாறு கற்கள்.

"சரி, இனிப் பொறுக்குங்கோ. இஞ்சை குப்பை விடேலாது."

மறுபடி வலம் வந்து பொறுக்கினேன். எழுபத்தேழு பூக்கள்.

பையிலிருந்த நான்கையும் சேர்த்துப் புல்லில் பரப்பி எண்ணினேன். எண்பத்தொன்று. எல்லாமே மஞ்சள், எல்லாமே ஈரம். எது கூடியது என்று தெரியவில்லை. பின்னால் யாரோ நிற்பதுபோல் இருந்தது. திரும்பினால் கல்.

தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "பயப்பிடாதேங்கோ. இந்தக் கல்லை ரெண்டு தரம் எண்ணினா ரெண்டு கணக்கு வருமெண்டு இஞ்சத்தைச் சனமே சொல்லுது. உங்களுக்கு மட்டுமில்லை."

அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் பாரிஸ் வரை வந்தேன். நான் எண்ணியது கல்லையல்ல, பூவை என்பதை நினைக்காமலிருக்கப் பார்த்தேன்.

மகள் மேலே என் வீட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். நான் ஏறினேன். கடைசிப் படியில் கால் வைத்தபோது அறுபத்தைந்து.

திரும்பி இறங்கத் தொடங்கினேன்.

"அப்பா, சவா? சுகம்தானே? ஏன் திரும்ப இறங்கிறீங்கள்?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை, திறப்பை விழுத்திப்போட்டன்."

அவள் என் வலது கையையே பார்த்தாள். வீட்டுச் சாவி அதில்தான் இருந்தது.