அந்த வாங்கில் இருந்த அம்மா

என் மனைவிக்குச் சத்திரசிகிச்சை நடந்த காலை, ஆஸ்பத்திரி அறைக்கு வெளியே மர வாங்கில் என் பக்கத்தில் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். மெலிந்தவர், கையில் செபமாலை. அவருடைய கணவருக்கும் அன்று உள்ளே சத்திரசிகிச்சை. எதையும் ஆண்டவரோடு சேர்த்தே சொல்வார். பஸ் தவறியதும், பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டோவில் ஏற்றிவந்ததும் ஆண்டவர் செயலாம்.

எனக்கு எரிச்சல் வந்தது. “என்ர மனுசிக்கு ஏதும் நடந்தா, அதுவும் அவர் செயலோ?” என்று கேட்டேன்.

“அது எனக்கு விளங்காது, தம்பி. ஆனா உங்களைத் தனிய விடாமல் என்னை இங்க இருத்தியிருக்கிறார். அது விளங்குது.”

டொக்டர் வெளியே வந்து, “பயப்பட ஒண்டுமில்லை, சுகமா இருக்கிறா” என்றார். எனக்கு முன்னரே அந்த அம்மா அழுதபடி ஆண்டவருக்கு நன்றி சொன்னார்.

அவருடைய கணவர் இன்னும் உள்ளே இருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அம்மாவுக்கும் நல்ல செய்தி வரும்வரை நான் பக்கத்திலேயே இருந்தேன்.