பொங்கலுக்கு ஒளித்து வைத்த பீர்

எழுபதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டு நகரம் ஒன்றில், கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில், ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தோம். நாங்கள் என்றால் நான், என் கணவர், அவருடைய கல்லூரித் தோழர். கணவர் பக்கத்து மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பயிற்சியில் இருந்தார். நண்பர் வேதியியல் ஆராய்ச்சியாளர். புதுக் குடித்தனத்தில் இன்னொரு ஆண்பிள்ளையும் உண்டு என்பதை நான் விமானத்தை விட்டு இறங்கிய பிறகுதான் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் என்னை வாய் நிறைய ‘சிஸ்டர்’ என்று கூப்பிட்டார், பாத்திரம் கழுவிக் கொடுத்தார். அந்தக் கோபம் அதிக நாள் நிற்கவில்லை.

அவருடைய பீர் மேல் வந்த கோபம் நின்றது. வீட்டிலேயே பீர் காய்ச்சுவது அவருக்கு ஒரு பைத்தியம். முளைகட்டிய பார்லிப் பாகு டின் டின்னாக என் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்திருக்கும். ஈஸ்ட் பொட்டலம் ஃபிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில். பீருக்குக் கசப்பு கொடுக்கிற ஹாப்ஸ் என்ற காய்ந்த பூவை ஒரு பால் பவுடர் டின்னில் போட்டு வைத்திருந்தார். ஊரிலிருந்து வந்த வேப்பம்பூ என்று நினைத்து ஒரு நாள் அதை நெய்யில் வறுத்து ரசம் வைத்துவிட்டேன். இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தார்கள். ஒரு வாய் ருசி பார்த்த பிறகுதான் அவர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று எனக்குப் புரிந்தது.

பொருளை வைப்பதாவது பரவாயில்லை, அதைப் புளிக்கவைப்பதுதான் பெரிய பாடு. சமையலறையை ஒட்டி ஒரு சாமான் அலமாரி இருந்தது. அதன் பின்சுவரில் வெந்நீர்க் குழாய் ஓடியதால் பனிக்காலத்திலும் உள்ளே வெக்கையாக இருக்கும். என் இட்லி மாவு அங்கேதான் பொங்கும். பீருக்கு அவ்வளவு சூடு கூடாதாம். அதனால் அந்தப் பெரிய கண்ணாடி ஜாடி நண்பரின் அறையில், ஒரு வெப்பமானியோடு, கம்பளி போர்த்திக்கொண்டு இருந்தது. ஜாடியின் வாயில் செருகிய குழாயில் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும்.

“இதுக்கு சூடும் ஆகாது, குளிரும் ஆகாது சிஸ்டர்,” என்பார்.

“எனக்கும்தான் ஆகாது. எனக்கு யார் கம்பளி போத்தறா?” என்பேன்.

அந்த ஜனவரியில் கட்டடத்தின் பாய்லர் படுத்துவிட்டது. வீட்டுக்குள்ளேயே கோட்டு போட்டுக்கொண்டு நடமாடினோம். என் மாவு கல்லாகக் கிடந்தது. ஜாடியிலும் குமிழி நின்றது. பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நகரத்தில் இருந்த நம்மவர்களெல்லாம், பேராசிரியர்களும் டாக்டர்களும் குடும்பத்தோடு, எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. வருகிறவர்கள் கோட்டுகளைக் கழற்றிப் போட நண்பரின் கட்டில்தான் இடம்.

“பெரியவங்க வர்ற வீடுடா. அந்த ஜாடி கண்ணுல படக் கூடாது,” என்றார் என் கணவர்.

“அதான் அடங்கிடுச்சே, பாட்டில்ல ஊத்திடலாம்,” என்றார் நண்பர். சர்க்கரை மிச்சம் இருக்கிறதா என்று அளந்து பார்க்கக் கருவி வைத்திருந்தவர், அவசரத்தில் அதை எடுக்கவில்லை. நுரைக்காக ஆளுக்கொரு கை சர்க்கரை போட்டு, மூடி அடித்து, பாட்டில்களை சாமான் அலமாரியில் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்தார்கள். மறுநாள் பாய்லர் சரியாயிற்று. விட்டுப்போன சூட்டையெல்லாம் சேர்த்துக் கொடுப்பதுபோல் குழாய் கொதித்தது.

பொங்கலன்று கூடம் நிறைய ஆட்கள். பால் பொங்கிற்று, குழந்தைகள் கத்தினார்கள். காகிதத் தட்டு எடுக்க என் கணவர் அலமாரியைத் திறந்து குனிந்தார். வெடித்தது. குக்கர்தான் போயிற்று என்று நான் அடுப்பைப் பார்த்தேன். மறுபடி வெடித்தது. திரும்பியபோது அவர் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றார். விரலிடுக்கில் ரத்தம் வழிந்து வேட்டியில் சொட்டியது.

“கிட்ட வராதே, யாரும் தொடாதீங்க. டாக்சி கூப்பிடுங்க,” என்றார், யாரோ ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வதுபோல.

ஆஸ்பத்திரி நடையில் நண்பர் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். “ஈஸ்ட் சாகல சிஸ்டர். குளிர்ல தூங்கியிருக்கு. சர்க்கரை பாதி அப்படியே இருந்திருக்கு. மேல நாங்க வேற போட்டோம். சூடு பட்டதும் எல்லாத்தையும் தின்னு, காத்து போக வழியில்லாம...” அவரைத் தேற்ற எனக்கு மனசு வரவில்லை. அறைய வேண்டும்போல் இருந்தது.

கண் போய்விட்டது. குடித்துவிட்டு விழுந்தாராம் என்று எங்கள் பொங்கலைச் சாப்பிட்டவர்களே பேசினார்கள். அவர் ஒரு சொட்டுகூடக் குடித்ததில்லை. நான் யாரிடமும் மறுக்கவில்லை. நம்புகிற மூஞ்சிகளா அவை?

நண்பர் நகரத்தின் இன்னொரு கோடியில் இருந்த லாசாலுக்குக் குடிபோய்விட்டார். பயிற்சியின் தலைமை மருத்துவர் மட்டும் கதவைச் சாத்தவில்லை. ஒற்றைக் கண்ணால் தூரத்தைக் கணிக்கக் கை பழகுகிறதா பார்ப்போம், கோடையில் வா என்று சொல்லியிருந்தார். என் கணவர் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். “ஒரு கண்ணு போதும், கைதானே வேலை செய்யுது,” என்பார். நான் தலையாட்டுவேன். வீட்டில் எதையும் அவர் ஊற்றவோ நறுக்கவோ நான் விட்டதில்லை. டம்ளரைக்கூட அவர் கையிலேயே கொடுத்துவிடுவேன்.

பனி கரைந்த பிறகு நண்பர் ஒருநாள் வந்தார். உட்காரக் கூச்சப்பட்டவரை என் கணவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

“நீ இரு, இன்னிக்கு நான்தான் காப்பி,” என்று என்னிடமிருந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். பழைய கல்லூரிக் கதை எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டே ஊற்றினார். காப்பி டம்ளருக்கு இந்தப் பக்கம் விழுந்தது. மேஜையில் ஓடி விளிம்பில் இறங்கி, நண்பரின் தொடையில் கொட்டியது. கொதிக்கக் கொதிக்க இருந்த காப்பி. நண்பர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. என் கணவரின் முகத்தையே பார்த்தபடி, கதைக்குச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணில் மட்டும் தண்ணீர் முட்டியது.

அந்தத் தண்ணீரைப் பார்த்துத்தான் என் கணவர் கீழே பார்த்தார். கதை பாதியில் நின்றது.

பாத்திரத்தை என் பக்கம் நீட்டினார். “இனிமே நீயே ஊத்து,” என்றார். கோடை வந்தது. தலைமை மருத்துவரிடம் அவர் போகவில்லை.