கடல் இறங்கிய பென்னி

"அப்பா, கொஞ்சம் சிரிங்க."

காலைக் காபியை ஆற்றிக்கொண்டிருந்த என் கணவர் நிமிர்ந்தார். "என்னத்துக்குட்டி?"

"சும்மா சிரிங்கப்பா. பல்லு தெரிய... ஈன்னு."

சிரித்தார். மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் நான் எழுதாமல் இருந்ததற்கு அந்தச் சிரிப்புதான் காரணம். எனக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தவர்களே, எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் குக்கர் விசில் அடித்தால்கூட இன்னும் தூக்கிவாரிப் போடுகிறது.

என் மகளின் பென்னிப் பைத்தியத்தைப் பற்றி இங்கே நிறையப் புலம்பியிருக்கிறேன். புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். காலேஜ் முடித்துவிட்டு, பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே அரசுத் தேர்வுக்குப் படிக்கிறாள் – அதாவது, படிப்பதாகச் சொல்கிறாள். மேஜையில் பொது அறிவுப் புத்தகம் விரிந்திருக்கும். அதன்மேல் வெள்ளைக்காரர்களின் பழைய பென்னிக் காசுகள் பரந்திருக்கும். கன்னங்கரேல் என்று, அப்பளப்பூ அகலத்தில். ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கம் கடலோரத்தில் சூலம் பிடித்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். பழைய பித்தளைச் சாமான் வாங்கி விற்கும் டவுன் அண்ணாச்சி ஒருவர் இவளுக்கென்றே எடுத்து வைக்கிறார். அந்த மனிதரை நான் எத்தனை நாள் சபித்திருப்பேன்!

"ஒரே காசை எதுக்குட்டி ரெண்டு வச்சிருக்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரே காசு இல்லம்மா. ரெண்டும் 1902தான். ஆனா இதுல கடல் கோடு அவ மடக்கின காலுக்கு மேல போகுது. இதுல பைய கீழ இறங்கியிருக்கு பாரு. அச்சு வேற."

காசு அடிக்கும் அச்சை மாற்றும்போது கோடு இப்படிக் கொஞ்சம் இறங்கிவிடுமாம். அதைத் தேடிப் பிடிப்பதற்கென்றே உலகமெங்கும் ஆட்கள் இருக்கிறார்களாம். லென்ஸை வாங்கிப் பார்த்தேன். ஒரு பெண். ஒரு கடல். இரண்டிலும் அதேதான்.

அவளுக்கு ஒரு வழி உண்டு. இரண்டு காசையும் ஒரே வெளிச்சத்தில், ஒரே அளவில் போட்டோ எடுத்து, போனில் மாற்றி மாற்றித் தட்டுவாள். எல்லாம் அசையாமல் நிற்க, வித்தியாசம் உள்ள இடம் மட்டும் துள்ளுமாம். மணிக்கணக்கில் தட்டுவாள். பார்க்கிற எனக்கு வயிறு எரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பாபநாசத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். ஆற்றில் முங்கிக் குளித்து, சாமி கும்பிட்டுவிட்டு வரலாம் என்று. என்ன வேண்டுதல் தெரியுமா? 'அப்பனே, இந்தக் காசுக் கிறுக்கை இவளிடமிருந்து பிடுங்கிக்கொள்.' வேறொன்றும் இல்லை.

அப்போதுதான் அந்தச் சிரிப்பு.

"அப்பாவுக்கு வாய் ஒரு பக்கம் இறங்கியிருக்கும்மா. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"கெளம்புற நேரத்துல அபசகுனமா பேசாதட்டி!" என்றேன். எங்கள் வீட்டில் கோயிலுக்குப் புறப்படும்போது 'எங்கே போறீங்க' என்றுகூட யாரும் கேட்கக் கூடாது. ஆஸ்பத்திரி என்று சொல்லலாமா?

கணவர் கார் சாவியை எடுத்துக்கொண்டார். "ராத்திரி தலகாணி சரியில்ல. என் மூஞ்சி என்ன உன் பென்னியாட்டி? போ, போய் வண்டில ஏறு."

அவள் ஏறவில்லை. அவர் முகத்தை போட்டோ எடுத்தாள். முந்தின நாள் சாயங்காலம் என் அண்ணன், மைனி வீட்டில் அவர் சிரிக்கும்போது அவள் எடுத்த படம் போனில் இருந்தது. தட்டினாள்.

"பாரும்மா. நேத்து... இன்னைக்கு. நேத்து... இன்னைக்கு."

"எனக்கு ஒண்ணும் தெரியல. பூசைக்கு நேரமாவுது."

"உனக்குத் தெரியாது. உனக்குக் கடலும்தான் தெரியல."

சுள்ளென்று இருந்தது. திட்ட வாயெடுப்பதற்குள் அவள் அப்பாவிடம் திரும்பிவிட்டாள். "கண்ண மூடிக்கிட்டு ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்கப்பா."

"சோசியக்காரி சொல்லுதா, கேக்கணும்லா" என்று சிரித்துக்கொண்டே கண்ணை மூடி நீட்டினார். வலது கை நின்றது. இடது கை பைய, மிகப் பைய, கீழே இறங்கியது. சாவி தரையில் விழுந்தது.

அவருக்கு அது தெரியவில்லை. "போதுமாட்டி?" என்று கேட்டார், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருப்பதாக நினைத்து.

அதற்குப் பிறகு எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி வண்டியை எடுத்தார். "ஒண்ணும் ஆவாது, மதினி. ஆள நேராப் பிடிங்க!" என்று வழியெல்லாம் கத்தினார். ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. அதைக் கரைக்கிற ஊசியைச் சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் உண்டு என்றார்கள். போட்டார்கள்.

"வாய் நல்லாக் கோணின பெறவுதாம்மா நெறைய பேரு வாறாங்க," என்றார் டாக்டர். "இத்தினி வித்தியாசத்த யாரு பாத்தது?"

நான் மகளைக் கை காட்டினேன். அதுவரை கல்லு மாதிரி நின்றவள், அப்போதுதான் ஓவென்று அழுதாள்.

அவள் சொன்னதைக் கேட்காமல் கிளம்பியிருந்தால்? அம்பாசமுத்திரம் சாலையில் ஸ்டியரிங் அவர் கையில்... இல்லையென்றால், ஆற்றில் தலையை முக்கியபோது... சமையலறையில் நிற்கும்போது திடீரென்று இது நினைவுக்கு வரும். சுவரைப் பிடித்துக்கொள்வேன்.

வீட்டில் இருப்பவர்களை நாம் எங்கே பார்க்கிறோம்? சாப்பாடு போடுகிறோம், சட்டையைத் துவைத்துப் போடுகிறோம், சண்டை போடுகிறோம். ஆள் இருக்கிறாரா, இருக்கிறார். அதோடு சரி. முன்னால் நிற்கும் முகம் நேற்றைய முகம்தானா என்று யார் ஒத்துப் பார்க்கிறோம்?

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். இடது கை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை; சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். தினமும் காலையில் மகள் முன்னால் உட்கார்ந்து ஈ என்று பல்லைக் காட்டுகிறார்.

"கடல் ஏறிட்டாட்டி?"

"ஏறிட்டுப்பா. இன்னும் ஒரு மயிரிழை பாக்கி."

நேற்று நானே கேட்டு லென்ஸை வாங்கி அந்த இரண்டு காசையும் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு இன்னமும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் காபி கொடுக்கும்போது டம்ளரை விடாமல் அவர் முகத்தை உற்றுப் பார்க்கிறேன்.

கல்யாணமான புதிதில்கூட நான் அவரை இப்படிப் பார்த்ததில்லையாம் – அவரே சொல்கிறார்!