இட்டியவிரா வீட்டு முறை

பத்தனம்திட்டாப் பக்கம் எங்கள் மலையோரத்தில் வெள்ளிக்கிழமை ஜெபம் வீடு வீடாக முறை வைத்து நடக்கும். முடிந்ததும் அந்த வீட்டில் பால் விடாத கட்டன் காப்பியும் தின்ன ஏதாவதும் தருவார்கள். மனைவி சோசம்மா செத்ததிலிருந்து இட்டியவிரா வீட்டுக்கு மட்டும் முறை வரவே இல்லை. கிழவரைச் சிரமப்படுத்தக் கூடாதாம். எங்கள் சோம்பலுக்கு நாங்கள் வைத்த பெயர் அது.

இட்டியவிரா மர லாரி ஓட்டியவர். பிள்ளைகள் இருவரும் கனடாவில். வாராவாரம் போனில் கூப்பிடுகிறார்கள் என்பார். நாங்களும் நம்பியதுபோல் தலையாட்டுவோம்.

போன மாதம் சர்ச் வாசலில் ஜெபக்கூட்டத் தலைவி ரேச்சலை மடக்கினார்.

"ஏம்மா, என் வீட்டுக்குள்ள கர்த்தர் கால் வைக்க மாட்டாரோ?"

"ஐயோ அச்சாயா, உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்னுதான்..."

"கொண்டை ஊசி வளைவுல லாரி திருப்பினவனுக்குக் காப்பி போடறது சிரமமா? வர்ற வெள்ளி என் வீடு."

"சரி அச்சாயா."

அந்த வெள்ளி நல்ல மழை. அவர் வீடு மேட்டில் இருக்கிறது. ரேச்சல் எல்லோருக்கும் போன் போட்டாள்: "அந்தச் சேத்துல யாரு ஏறுவா? கீழ இருக்கிற குஞ்ஞேலி வீட்டுலயே வச்சுக்கலாம்."

எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. அவரிடம் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம்.

ஜெபத்தின் கடைசியில் ரேச்சல் குரல் தழுதழுத்தது. "ஆண்டவரே, யாருமில்லாம தனியாக் கிடக்கிற எங்க இட்டியவிரா அச்சாயனைக் கைவிடாதேயும்!"

எல்லோரும் உருகி "ஆமென்" சொன்னோம். வாசல் பக்கமிருந்தும் கரகரவென்று ஓர் ஆமென் கேட்டது.

திரும்பினோம். இட்டியவிரா நனைந்து நின்றார். தேய்த்த வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கையில் வாழை இலையால் மூடிய பானை.

"பாட்டுச் சத்தம் கேட்டுச்சு. கப்பக்கிழங்கு அவிச்சிருந்தேன், ஆறிடுமேன்னு எடுத்துட்டு வந்தேன்."

"அச்சாயா, மழைங்கறதால..." என்று இழுத்தாள் ரேச்சல்.

"கர்த்தர்கிட்ட என்னப் பத்திச் சொன்னவ, இடம் மாறினத எங்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மோளே. பாய் விரிச்சு வச்சுட்டு வாசலையே பாத்துட்டிருந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்போம். அவரே எல்லோர் தட்டிலும் கிழங்கு வைத்து, "உப்பு போதுமா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே வந்தார். என்னிடம் வந்தபோது எனக்குத் தலை நிமிரவில்லை. வெட்கத்தோடு போதும் என்று தட்டைப் பார்த்துச் சொன்னேன்.