அமெரிக்கக் கத்திகளுக்கு ஒரு நாள் லீவு

சரஸ்வதி பூஜையன்று மத்தியானம் என் வீட்டு வாசலில் ஓர் அமெரிக்கர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளே நான் என் மனைவி பொன்னம்மாளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

எதற்கு? ஒரு மடக்குக் கத்திக்காக!

என் பைத்தியம் வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன் — நான் பழைய மடக்குக் கத்திகளைச் சேர்க்கிறவன். அதிலும் அமெரிக்காவில் ஒரே ஒரு கம்பெனி செய்ததுதான் வேண்டும். பெயரைச் சொன்னால் ஆசிரியர் விளம்பரக் கட்டணம் கேட்பார். மான்கொம்புப் பிடி, எலும்புப் பிடி, கருங்காலிப் பிடி... திறந்தாலும் மடக்கினாலும் ‘டக்’கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கு நான் அடிமை.

தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கக் கத்திக்கு எங்கே போவது? கப்பல்காரர்கள்தான் கதி. நான் கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் குமாஸ்தா. யுத்தம் முடிந்ததிலிருந்து அந்த நாட்டுக் கப்பல்கள் அவ்வப்போது வருகின்றன. நல்ல சங்காக ஒன்றைக் காட்டினால் மாலுமி கத்தியை எடுத்து நீட்டுவான். ஒருவரையொருவர் ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு சந்தோஷமாகப் பிரிவோம்.

கத்திகளுக்கென்று வெல்வெட் பதித்த பெட்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பள்ளம். உப்புக்காற்று தின்றுவிடாமல் ஞாயிறுதோறும் எண்ணெய் போடுவேன். ஒரு பள்ளம் மட்டும் வெகுகாலமாகக் காலி. அந்தக் கம்பெனி தொடங்கிய காலத்து முத்திரை பதித்த கத்திக்கு உரிய இடம் அது.

போன வாரம் எங்கள் ஆபீஸுக்கு ஹென்றி என்ற கப்பல் என்ஜினீயர் வந்தார். பையிலிருந்து ஒரு கத்தியை எடுத்து ஆரஞ்சுப் பழத்தை உரித்தார். அதில் அதே முத்திரை! தருவீர்களா என்று கேட்டே விட்டேன். என்னிடம் முத்துச்சிப்பிப் பிடி போட்ட கத்தி இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம் என்றேன். (நம் கடலில் எடுத்த சிப்பிதான் அமெரிக்கா போய்ப் பிடியாகத் திரும்பியிருக்கிறது என்பது என் கட்சி. நிரூபிக்க முடியாது.) அவரும் சபலக்காரர்தான். பூஜையன்று வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். அன்று மாலை கப்பல் கிளம்புகிறது.

நான் செய்த தப்பு ஒன்றுதான். பெட்டியைப் பூட்டாமல் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் என் கத்திகள் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால்! அரிவாள்மனை, கத்தரிக்கோல், என் பேனா — அவற்றுக்குப் பக்கத்தில் சந்தனமும் குங்குமமுமாக வரிசையாக இருக்கின்றன.

“ஏளா, அதுல ஒண்ணே ஒண்ண மட்டும் எடுத்துக்கிடுதேன்.”

“நல்லாருக்கே! பூசையில வச்ச ஆயுதத்தை இன்னைக்கே எடுப்பாவளா? நாளைக்குக் காலைல மறுபூசை முடிஞ்சாத்தான்.”

“நாளைக்குக் கப்பல் கொழும்புக்குப் போயிரும்ளா.”

“போவட்டும்.”

“இதெல்லாம் வெறும் சம்பிரதாயம்...”

“அரிவாள்மனையை நான் இன்னைக்குத் தொட்டனா? காய எல்லாம் நேத்தே நறுக்கி வைக்கலியா? உங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?”

ஹென்றியைப் பாயில் உட்கார வைத்து, ஆயுதங்களுக்கு இன்று ஓய்வு என்று இங்கிலீஷில் விளக்கினேன். மனிதருக்கு ஒரே குஷி. “என் என்ஜின்களுக்கு யாரும் லீவு கொடுப்பதில்லையே!” என்று சிரித்தார். சிரித்தபடியே தன் கத்தியை எடுத்து வரிசையில் கடைசியாக வைத்தார். பொன்னம்மாளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள்.

சுண்டல் சாப்பிட்டார். பொரியும் சாப்பிட்டார். நம் ஊரில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். லாஞ்சில்தான் போக வேண்டும். லாஞ்சுக்கு நேரமாயிற்று என்று எழுந்தவர், கத்தியை எடுக்கக் கை நீட்டினார்.

“இருங்கள்! பூஜையில் வைத்ததை நாளைக் காலை வரை எடுக்கக் கூடாது. என் கத்தியை அடுத்த கப்பலில் அனுப்புகிறேன்” என்றேன்.

அந்த நிமிஷம் தூத்துக்குடியிலேயே என்னைவிட ஆசாரமான மனிதர் கிடையாது. சட்டம் நம் பக்கம் சாயும்போது அதன் மேல் எவ்வளவு பக்தி வந்துவிடுகிறது!

ஹென்றியின் முகம் வாடிவிட்டது. “நான் முதன்முதலில் கப்பல் ஏறியபோது அப்பா கொடுத்த கத்தி இது” என்றார். “மாற்றிக்கொள்ள மனசு வரவில்லை, அதைச் சொல்லத்தான் வந்தேன், பூஜையைப் பார்த்த சந்தோஷத்தில் சொல்ல மறந்துவிட்டது” என்றார்.

“என்ன சொல்லுதாரு?” என்றாள் பொன்னம்மாள். வேண்டா வெறுப்பாக மொழிபெயர்த்தேன்.

“தினமும் இத வச்சித்தான் வேலை பாக்காராமா?”

“ஆமா.”

“அப்ப நாளைக்கும் அவருக்கு இது வேணும்லா?”

அவ்வளவுதான். மறுபடி கற்பூரம் ஏற்றினாள். அந்த ஒரு கத்திக்கு மட்டும் அப்போதே மறுபூசை! ஒரு பூவோடு சேர்த்து ஹென்றியிடம் கொடுத்தாள். “சாமி உத்தரவு குடுத்தாச்சுன்னு சொல்லுங்க” என்றாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான் கலங்கியது, காரணம் வேறு.

“அப்ப என் கத்திகளையும் எடுத்துக்கிடட்டா?” என்றேன்.

“அதுக என்னைக்கு வேலை பாத்துது? பெட்டிக்குள்ள தூங்குததுகதான! இன்னும் ஒரு ராத்திரி தூங்கட்டும்.”

ஹென்றி அதன் அர்த்தத்தைக் கேட்டார். நான் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தே அவர் சிரித்துவிட்டார்.

மறுநாள் பூசை முடிந்து, கத்திகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினேன். முத்துச்சிப்பிப் பிடி போட்டதைக் காணோம். அடுக்களையிலிருந்து ‘டக்’ என்று எனக்குப் பழக்கமான சத்தம்!

எட்டிப் பார்த்தேன். பொன்னம்மாள் அதை வைத்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“இதாவது இனிமே வேலை பாக்கட்டும். நல்லாத்தான் வெட்டுதுங்க!”

பெட்டியில் இப்போது இரண்டு பள்ளம் காலி. வெண்டைக்காய்ப் பொரியல் மட்டும் பிரமாதம்!