காரணம் என்ற கட்டம்

கார்புரேட்டரைப் பிரித்து மாட்டுவதில் எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. புத்தூரில் என் ஷெட்டுக்கு முன்னால் எப்போதும் வண்டி நிற்கும். பிறகு நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் போட்டான், புதுப்புது கார்களாக வந்து இறங்கின. எதிலும் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து ஊற்றியது. மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிகிறது என்று யாராவது வந்தால் பல்பைக் கழற்றிவிட்டு அனுப்பிய ஆள் நான். வந்தவர்கள் சந்தோஷமாகத்தான் போனார்கள், ஆனால் திரும்பி வரவில்லை.

என் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு பூந்தமல்லிப் பக்கம் ஒரு தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. அடுப்பெரிய யாராவது ஒருவர் ஊரை விட்டுப் போக வேண்டியிருந்தது, அவள் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூத்திலிருந்து பேசுவாள். "நீ அங்க, நாங்க இங்க. பொண்ணு நைனா எப்ப வரும்னு கேட்டுக்கினே இருக்கா. நான் இன்னான்னு சொல்றது?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். யார்மேல் கோபம் என்றுதான் தெரியாது.

அப்போதுதான் திருப்பதியில், ரேணிகுண்டா சாலையில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். வண்டிப் புகையைச் சுத்தப்படுத்தும் கருவிகளைச் சோதித்துப் பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். கடைசியில் ஒரே ஒரு செய்முறைத் தேர்வு. தேறினால் பூந்தமல்லியிலேயே ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை, மூன்று பேரும் ஒரு வீட்டில் இருக்கலாம். தேறாவிட்டால் மறுபடி ஷெட்டில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

பயிற்சி கொடுத்தவர் சித்தூர்க்காரர், என்னைவிட வயதில் சின்னவர், பாதி தெலுங்கு பாதி தமிழ். முதல் வாரமே முட்டிக்கொண்டோம். ஒரு வண்டியின் சைலன்சரில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, பெட்ரோல் சரியாகத்தான் எரிகிறது என்றேன். "மூக்க வீட்ல வெச்சிட்டு வாண்ணா. மெஷின் இன்னா சொல்லுதுன்னு பாரு" என்றார். மெஷின் நேர்மாறாகச் சொன்னது. சைலன்சருக்குள் இருக்கும் கன்வெர்ட்டர் வாடையைத் தின்றுவிடும் என்று விளக்கினார். அவர் சொன்னது சரி என்பதாலேயே எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

இரண்டு விஷயத்தில் அவர் கறார். ஜாப் கார்டில் பழுது, காரணம், செய்த வேலை என்று மூன்று கட்டம் உண்டு. காரணத்தை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் ஃபெயில். "ரப்பர் ஓஸ் கிழிஞ்சிருக்கு, மாத்திட்டேன்னா ஆச்சா? ஏன் கிழிஞ்சதுன்னு தெரியாம அனுப்புனா அதே வண்டி திரும்பி வரும்." இன்னொன்று, ஷெட்டுக்குள் தீ கூடாது. சுவரில் தெலுங்கில் பெரிதாக எழுதியே வைத்திருந்தார். பீடி பற்றவைத்த, எங்களோடு படித்த குடுபல்லிக்காரர் ஒருவரை அன்றைக்கே பையைத் தூக்கச் சொல்லிவிட்டார். நான் பரிந்து பேசப் போனேன். "யார் பத்த வெச்சாலும் பெட்ரோல் புடிச்சிக்கும்ணா" என்றார், அவ்வளவுதான்.

தேர்வன்று சீக்கிரமே போய்விட்டேன். ஷெட்டுக்குள் தேர்வு வண்டியின் பானட் திறந்திருந்தது. முன்னால் அவர், நெற்றியில் குங்குமம், கையில் தட்டு, தட்டில் கற்பூரம் எரிகிறது. அலிபிரி மலையடிவாரத்தில் புது வண்டிகளுக்குக் காட்டுவார்களே, அப்படியே இன்ஜினுக்குச் சுற்றிக்கொண்டிருந்தார். எங்கள் பேட்ச் தேறவில்லை என்றால் மையத்தையே மூடிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. என்னைப் பார்த்ததும் கூச்சத்தோடு தட்டை நீட்டினார். நானும் ஒற்றிக்கொண்டேன். கற்பூரம் காட்டாமல் எங்கள் பக்கம் யார் வண்டியைக் கிளப்பினார்கள்? தீ கூடாது என்ற எழுத்து அவர் தலைக்குப் பின்னால் இருந்தது. இரண்டு பேருமே அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

தேர்வாளர் சென்னையிலிருந்து வந்திருந்தார். நாற்காலியைப் போட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். முதல் ஆளாக என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குள் மஞ்சள் விளக்கு அணைய வேண்டும், புகை மெஷினில் அளவு சரியாக வர வேண்டும். பழுதைக் காட்டும் ஸ்கேனரை மாட்டினேன். சைலன்சரில் உட்கார்ந்துகொண்டு புகையில் மிச்சமிருக்கும் காற்றைச் சொல்லும் சென்சாரில் சிக்னல் இல்லை. கனெக்டரைப் பிடுங்கிப் பார்த்தால் ஒரு பின் உள்ளே தள்ளியிருந்தது. எங்களுக்குப் பயிற்சி கொடுத்த சார் முந்தின நாள் தேர்வுக்கென்று வைத்த பழுது அது. இவ்வளவுதானா என்று சரிசெய்து, விளக்கை அணைத்து, வண்டியைக் கிளப்பினேன்.

இன்ஜின் ஏறி இறங்கி உறுமியது. சற்று நேரத்தில் விளக்கு மறுபடி எரிந்தது. புகை மெஷினில் அளவு எகிறிக்கொண்டு போனது. நான் சாரைப் பார்த்தேன். அவர் முகத்தில் எனக்கு மேல் குழப்பம். இந்தப் பழுதை அவர் வைக்கவில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. தேர்வாளர் கடிகாரத்தைத் திருப்பி வைத்தார். இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் என்ன சொல்வேன் என்ற நினைப்பு வேறு.

மூக்கை வைக்கத்தான் மனசு பரபரத்தது. அடக்கிக்கொண்டேன். எங்கோ கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது என்று ஸ்கேனர் காட்டியது. அவர் சொல்லிக்கொடுத்தபடியே கிளீனர் ஸ்பிரேயை ஒவ்வொரு ஓஸாக லேசாக அடித்துக்கொண்டே வந்தேன். டேங்க்கின் பெட்ரோல் ஆவியை வெளியே விடாமல் இன்ஜினுக்குக் கொண்டுவரும் ஓஸில் பட்டதும் ஸ்பிரே உள்ளே இழுபட்டு இன்ஜின் சத்தம் மாறியது. இன்ஜினை நிறுத்திவிட்டு ஓஸைத் திருப்பினேன். மேல் பக்கம் உருகி ஓட்டை விழுந்திருந்தது. ஓரத்தில் கரி. பக்கத்திலேயே வெள்ளையாக, பாதி எரிந்த ஒரு துண்டு.

புது ஓஸ் மாட்டினேன். விளக்கு அணைந்தது, அளவு இறங்கியது. கார்டை எடுத்து எழுதினேன். பழுது: ஓஸில் ஓட்டை. செய்த வேலை: ஓஸ் மாற்றம். நடுக்கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. பீடிக்கே ஆளை அனுப்பிய மனிதர் தேர்வாளருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"காரணம் எழுதலியே. எதனால உருகுச்சு?" என்றார் தேர்வாளர். "சூடான பைப் பக்கத்துல ஏதாவது பட்டுதா?"

ஆமாம் சார் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அங்கே சூடான பைப் எதுவும் கிடையாது, அது அவருக்கும் தெரியும், பொறி வைத்துத்தான் கேட்டார். மகள் முகம் ஒரு பக்கம், சார் முகம் ஒரு பக்கம். அந்த நேரத்தில் நான் அந்தக் கற்பூரத்தை வெறுத்ததுபோல் எதையும் வெறுத்ததில்லை.

"எழுதுண்ணா" என்றார் சார். "நான் இன்னா சொல்லிக்குடுத்தேன்?"

கற்பூரத் தீ என்று எழுதினேன். யார் கொளுத்தியது என்று தேர்வாளர் கேட்க, "நாந்தான் சார்" என்று அவரே முன்னால் வந்தார். தேர்வாளர் என் கார்டில் கையெழுத்துப் போட்டார். அப்புறம் அவரைத் தனியே கூப்பிட்டார். மறுபடி வெளியே வந்தபோது சார் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அந்த ஓஸை எங்கணா போட்ட? தூக்கிப் போட்டுடாத. அடுத்த பேட்ச்சுக்குக் காட்டலாம்."

அடுத்த பேட்ச்சுக்கு அவர் இல்லை. பெங்களூர் போனார் என்று ஒருவர் சொன்னார், மஸ்கட் என்று இன்னொருவர். நாங்கள் மூன்று பேரும் பூந்தமல்லியில் ஒரே அறையில் இருந்தோம். மகள் என் சட்டையின் கிரீஸ் வாடைக்கு முகம் சுளிப்பாள், எனக்கு அதில் ஒரு நிம்மதி.

பிறகு திருப்பதி மையத்தில் படித்து வந்த ஒருவர் எங்கள் சர்வீஸ் சென்டரில் சேர்ந்தார். அங்கே சுவரில் ஓட்டை விழுந்த ஓஸ் ஒன்று தொங்குகிறது என்றார். "இஞ்சின்கிட்ட தீ வெச்சா இப்படித்தான் ஆவும்னு காட்டுவாங்க. எவனோ வேல தெரியாதவன் செஞ்சது போல."

அன்றைக்கு என் முன்னால் நாலு வண்டி நின்றது. நாலு கார்டிலும் காரணம் எழுதினேன். அந்த ஓஸுக்கான காரணத்தை மட்டும் அந்தப் புது ஆளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.